அய்யாவுக்கு வராத வாடை

"பால் அடிப்பிடிச்ச வாடை வாசல் வரைக்கும் வருது. அடுப்புப் பக்கத்துலதான இருக்கிய, தெரியலையா?" என்றாள் என் மனைவி. எனக்கு ஒரு வாடையும் வரவில்லை.

சின்ன வயதில் என்னைக் கோவில்பட்டிச் சந்தைக்குக் கூட்டிப்போனால், அய்யா நல்லெண்ணெயைப் புறங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவார். ஒருமுறை அப்படி வாங்கி வந்த எண்ணெயே வீடு முழுக்கச் சிக்கு வாடை அடித்தது.

"மூக்கைக் கடையிலயே வச்சிட்டு வந்தியளா?" என்றாள் அம்மா. அய்யாவும் சேர்ந்து சிரித்தார்.

சில வருஷத்தில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்குவாதம் வருகிற பலருக்கு முன்னாடியே வாடை தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார்.

"சளியா இருக்கும்" என்றேன் மனைவியிடம். அவள் ஆவி பிடிக்கத் தண்ணீர் கொதிக்கவைத்தாள். எனக்குச் சளி இல்லை. அதைச் சொல்லத் தெம்பில்லாமல் போர்வைக்குள் தலையைக் கொடுத்தேன்.