தேயிலை மலையில் ஒரு ரொட்டி அடுப்பு

ரொட்டி விஷயத்தில் எனக்கு யாரிடமும் பயம் கிடையாது. கம்பத்தில் நானும் வீட்டுக்காரரும் பல வருடமாக பேக்கரி நடத்துகிறோம். கல்லாவில் அவர், அடுப்பில் நான். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் தெரிந்த செங்கல் கூண்டு என்னவென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

தங்கை கன்னியாஸ்திரி. எல்லோரும் அவளை சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நான் மட்டும் இன்னும் 'ஏண்டி'தான். இலங்கையில் நுவரெலியாவுக்கு அப்பால், ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி, பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கும் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் அவளுடைய சபை ஓர் இல்லம் நடத்துகிறது. அங்கே அவள்தான் பொறுப்பு. அந்த நாட்டில் விலைவாசி தலைக்கு மேல் ஏறியிருந்த சமயம் அது. ஐரோப்பாவிலிருந்து உதவி செய்துவந்தவர்களும் வயதாகி ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்தார்கள். காலையில் பிள்ளைகளுக்கு ரொட்டி வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, மரவள்ளிக் கிழங்கை அவித்துக் கொடுக்கிறோம் என்றாள். நம்ம ஊர் சர்ச்சில் சொல்லி ஏதாவது வசூல் செய்து அனுப்ப முடியுமா என்று கேட்டாள்.

"ஏண்டி, ஒனக்குப் பின்னால இருக்கே, அது ரொட்டி அடுப்புதான?" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். அந்தக் காலத்து சிஸ்டர்கள் கட்டியது, இப்போது கோழி அடைகிறது என்றாள்.

"கோழிய வேற எங்கனயாச்சும் அடை. நான் வாரேன்."

அங்கே போயும் அடுப்படிதானா என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் மறுநாளே டிக்கெட் விசாரிக்கப் போனது அவர்தான். எங்களுக்கு மைதா போடும் உத்தமபாளையத்து பாய் விஷயத்தைக் கேள்விப்பட்டு, புது ரொட்டி அச்சுகளைக் கொண்டுவந்து இறக்கினார். காசு கொடுத்தபோது கையை மடக்கிக்கொண்டார். "பிள்ளைகளுக்குன்னு போறீக. சும்மா கொண்டு போங்கம்மா," என்றார். மதுரையில் விமானம் ஏறி, கொழும்பில் இறங்கி, ரயிலில் மலை ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் முற்றத்தில் வரிசையாக நின்று கைகூப்பி, இங்கிலீஷில் ஒரு நன்றிப் பாட்டுப் பாடினார்கள். சின்னதுகளுக்குப் பல் தந்தியடித்தது. நான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை, எதற்கு நன்றி? பாட்டு முடியும் வரை எங்கே பார்ப்பதென்று தெரியாமல் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பழக்கம் அக்கா," என்றாள் தங்கை. "கொடுக்குறவுக வந்தா எதிர்பாக்குறாக."

"நான் எதிர்பாக்கல. பிள்ளைகள உள்ள அனுப்பு, குளிருது."

அன்றைக்கு அவளுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. ஆனால் நான் இருந்தவரை அந்தப் பாட்டை மறுபடி கேட்கவில்லை.

அடுப்பு நான் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. மேல் வளைவில் ஒரு வெடிப்பு, தரையில் சில செங்கல் பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். தோட்டத்துக் கொத்தனார் ஒருவர் வந்து சரிசெய்துகொடுத்தார். அதை அவர் போறணை என்றார். ரொட்டிக்கு அங்கே பாண் என்று பெயர். நான் மைதா கேட்டால் கோதுமை மா என்று கொண்டுவந்தார்கள். இது வேண்டாம், மைதா வேண்டும் என்று நான் நின்றேன். பையைப் பிரித்துப் பார்த்தால் மைதாவேதான். சமையல் செய்யும் பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

முதல் நாள் ரொட்டி செங்கல்லாக வந்தது. கம்பத்து வெயிலில் மாவைப் பிசைந்து மூடிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் பொங்கி நிற்கும். அந்த மலைக் குளிரில் வைத்தது வைத்தபடி கிடந்தது. எனக்கு வருத்தமில்லை, கோபம்தான் வந்தது. மாவு பொங்க ஒரு சூடான மூலை வேண்டும் என்று இல்லம் முழுக்கக் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மழைக்காலத்தில் பள்ளிச் சட்டைகளை அங்கேதான் கொடி கட்டி உலர்த்துவார்கள். விறகடுப்பின் புகைக்குழாய் அதன் சுவருக்குள்ளே போகிறது. கதவைத் திறந்ததும் சித்திரை மாதத்துக் கம்பம் மாதிரி இருந்தது. சட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு டிரேக்களை அடுக்கினேன். அடுத்த ரொட்டி அச்சை மீறி எழும்பி வந்தது. பிள்ளைகள் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டார்கள். யாரும் பாடவில்லை, இன்னும் ஒரு துண்டு என்று தட்டை நீட்டினார்கள். எனக்கு அது போதும்.

பிள்ளைகளை இந்த வேலையைத் தொடவிடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர்கள் பள்ளிக்கூடம் போகட்டும், விளையாடட்டும். மிஞ்சும் ரொட்டியைத் தோட்டத்தில் விற்றால் இல்லத்துக்கு வருமானம். அதற்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆள் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் அவளைப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இல்லத்துப் பிள்ளைகளில் இரண்டு பேர், ஒரு அக்காவும் தம்பியும், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய அம்மா என்றாள் தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம். கொழுந்து பறிக்கும் கூலியில் மூன்று வயிற்றுக்குக் காணாமல், பிள்ளைகளை இங்கே விட்டிருக்கிறாள். இப்படி இன்னும் சிலர் உண்டு, எல்லோரும் அநாதைகள் இல்லை என்றாள்.

"அப்பறம் என்ன? அந்தப் பொம்பளையவே அடுப்புக்கு வையி."

தங்கை தயங்கினாள். இந்த இரண்டு பேரின் அம்மா தினமும் கண்ணெதிரே நடமாடினால், யாருமே இல்லாத பிள்ளைகளின் மனசு என்ன பாடுபடும் என்று கேட்டாள். சரியான கேள்விதான். "அதுக்காக இருக்குற அம்மாவ கேட்டுக்கு வெளிய நிறுத்துவியா?" என்று மட்டும் கேட்டேன். அவள் ஜெபத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் அந்தப் பெண்ணை அவளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

கெட்டிக்காரி. நான் ஊருக்குத் திரும்புமுன்பே அடுப்பை அவள் கையில் ஒப்படைத்துவிட்டேன். விடியலில் ரொட்டி எடுத்து, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்குக் கூடையில் கொண்டுபோய் விற்றாள். பக்கத்துத் தோட்டத்துக் கடைகளும் கேட்டு வாங்க ஆரம்பித்தன.

அடுத்த முறை நான் போயிருந்தபோது, அந்தப் பெண் மாவுக் கையோடு வந்து தங்கை முன்னால் நின்றாள். "இனி புள்ளைங்கள நானே வச்சுப் பாத்துக்குறேன் சிஸ்டர்," என்றாள். கேட்கும் குரல் இல்லை, முடிவெடுத்த குரல். அதிகாரிகள் வந்து அவள் வீட்டைப் பார்த்தார்கள், ஒன்றிரண்டு விசாரணை நடந்தது, கடைசியில் சம்மதம் கிடைத்தது.

அந்த அக்காவும் தம்பியும் அம்மாவோடு கிளம்பிய சாயங்காலம் மற்ற பிள்ளைகள் வராந்தாவில் நின்று பார்த்தார்கள். சொந்தமென்று யாருமே இல்லாத பெரிய பெண் ஒருத்தி, அந்த இரண்டு பேரின் பையைக் கேட் வரை தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று தங்கையிடம் கேட்டாள். தங்கை அவளைத் தோளோடு சேர்த்து அணைத்துச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். இல்லம் இருக்க வேண்டியது இவளுக்காக என்று எனக்குத் தோன்றியது.

கட்டில் காலியானால், பிள்ளைகள் குறைந்துவிட்டார்களே, இனி பணம் எதற்கு என்று ஐரோப்பாக்காரர்கள் கேட்பார்களோ என்று தங்கைக்குக் கவலை. மறைக்காமல் சொல்லிவிடு என்றேன், சொன்னாள். சிலர் புரிந்துகொண்டு, அம்மாக்களிடம் திரும்பிப் போகும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவுகிறார்கள். சிலர் விலகிக்கொண்டார்கள். அவர்கள் விட்ட இடத்தைக் கம்பத்திலிருந்து நாங்களும் பாயும் இன்னும் சில கடைக்காரர்களும் முடிந்தவரை நிரப்புகிறோம். மீதியை அடுப்பு பார்த்துக்கொள்கிறது.

இப்போது இன்னொரு அம்மாவும் வேலை கேட்டு வந்திருக்கிறாளாம். ஒரே அடுப்பு பத்தாது என்று தங்கை போனில் சொன்னாள். இந்த முறை இரண்டாவது அடுப்பைப் புதிதாகவே கட்டப்போகிறோம். கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டுக்காரரும் கூட வருகிறார்.