கூடைக்காரிக்குப் போர்வை

அப்பொலோனியா ஹெர்ட்லைன் பல் உளியைச் சாய்த்துப் பிடித்து, கல் பெண்ணின் குதிகாலைச் சீவிக்கொண்டிருந்தாள். வலது கை விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. காலையில் வெந்நீரில் ஊறவைத்தால்தான் மடங்கும். அதைப் பற்றி யாரிடமும் அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

ஊரில் அவளை லோனி என்பார்கள். அப்பா குவாரியில் கல் வெட்டியவர். "பொம்பளைக்கு எதுக்குடி உளி?" என்று விரட்டியவர், முதல் உலகப் போரில் ஆண்கள் எல்லாம் போனபின் கல்லறைக் கல் செதுக்க ஆளில்லாமல் தானே அதை எடுத்து நீட்டினார். போர் முடிந்தும் லோனி திருப்பித் தரவில்லை. ம்யூனிக்கில் இரண்டு குளிர்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டு சிற்பம் படித்தாள். நாஜிகள் வந்து, தோள் பருத்த வீரர்களைச் செதுக்கச் சொன்னபோது, "எனக்குக் கல்லறை வேலை கிடக்கு" என்றாள். அவர்கள் ஒழியும்வரை எழுத்து வெட்டியே பிழைத்தாள். கண்காட்சி எதிலும் அவள் சிலை நின்றதில்லை. ஆனால் மைன் நதியின் இரு கரையிலும் எந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் அவள் கைவேலை நிற்கும். ஒரு எழுத்துகூடக் கோணியிருக்காது.

ஐம்பத்தெட்டு வயதில்தான் ஊலன்ஹைம் நகரசபை சந்தைத் திடல் நீரூற்றுக்கு ஒரு சிலை கேட்டது. முதுகுக் கூடை நிறையத் திராட்சையோடு சரிவில் இறங்கும் பெண்ணை லோனி தன் வேலைக் கொட்டகையில் செதுக்கினாள். இரண்டாம் உலகப் போரில் அந்தக் கூடைகளைச் சுமந்தது ஊர்ப் பெண்கள்தான். அதனால் கொட்டகைப் பக்கம் வருகிறவள் எல்லாம் சிலையில் பங்கு கேட்டாள்.

"அந்தக் கெண்டைக்கால் என்னோடது," என்றாள் ரொட்டிக்கடை டோர்லே.

"உன் காலுக்கு இந்தக் கல்லு பத்தாதுடி," என்றாள் லோனி.

வசந்தத்தில் வரவேண்டிய கல்லை, குவாரிக்காரர்கள் கோடை முடியும்போதுதான் அனுப்பினார்கள். புதிதாக வெட்டிய கல்லுக்குள் ஈரம் இருக்கும். செதுக்க மெத்தென்று சுகமாக இருக்கும். ஆனால் காய்வதற்குள் உறைபனி பிடித்தால், உள்ளே நீர் பனிக்கட்டியாகிக் கல்லைப் பிளந்துவிடும். வழக்கமாக நவம்பர் பாதிவரை பயமில்லை. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, திராட்சை அறுவடை முடியுமுன்னே, ஒரு பிற்பகல் காற்று நின்றுபோனது. வானம் துடைத்தாற்போல் தெளிந்தது. லோனி மூக்கால் இழுத்துப் பார்த்தாள். இன்றிரவு உறையும்.

மேயர் எண்ட்ரஸ் கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி வந்தார்.

"கல்லு வெடிச்சுதுன்னா சபை வெண்கலச் சிலைக்குப் போயிடும், ஹெர்ட்லைன் அம்மா. வ்யூர்ட்ஸ்பர்க்ல ஒருத்தரைப் பார்த்து வெச்சிருக்காங்க."

"வெடிக்காது."

"பனி உங்க பேச்சைக் கேக்குமா?"

"நீங்க கேக்கறதில்லையா? அதுவும் கேக்கும்."

அவர் போனபின் லோனி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். மூன்று பக்கம் திறந்த கொட்டகை. இருந்த வைக்கோலும் சாக்கும் இடுப்புவரைகூட வராது. நெருப்பு மூட்டினால் ஒரு பக்கம் சுட்டு மறுபக்கம் குளிர்ந்து, அதனாலேயே கல் விரிசல் விடும். வேண்டியது கனமான போர்வை, அதுவும் நிறைய.

வாழ்நாளில் அவள் யாரிடமும் எதையும் கேட்டவளில்லை. கணவன் செத்தபோதுகூடச் சவப்பெட்டியின் ஒரு முனையைத் தானே தூக்கினாள். இப்போது இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ரொட்டிக்கடைக்குள் போனாள். உள்ளே பெண்கள் நின்றிருந்தார்கள்.

"டோர்லே, உன் இறகுப் போர்வை வேணும்."

"உடம்பு சரியில்லையா?"

"எனக்கில்ல. அவளுக்கு. இன்னிக்கு உறையும். மூடலேன்னா காலையில ரெண்டா நிப்பா."

கல்யாணச் சீராக வந்த வாத்து இறகுப் போர்வை அது. அதையும் குளிர்கிற இரவில் கேட்கிறாள்.

"என் கெண்டைக்கால் விறைக்கறதை நான் பார்த்துக்கிட்டு இருப்பேனா?" என்று டோர்லே கடைச் சாவியை எடுத்தாள்.

"கெண்டைக்கால் மட்டும்தான் உன்னோடது. இடுப்பு என்னோடது," என்றாள் பீப்பாய் செய்பவரின் மனைவி பாபெட். "நானும் எடுத்தாரேன்."

விளக்கேற்றும் நேரத்துக்குள் தெருவெல்லாம் போர்வைகள் நடந்து வந்தன. லோனி ஏணிமேல் நின்று கட்டினாள். மற்றவர்கள் கீழிருந்து தூக்கிக் கொடுத்தார்கள்.

"பாபெட், உன் வீட்டுக்காரர் இன்னிக்கு எதைப் போர்த்துக்குவாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என்னைத்தான்."

சிரிப்பில் ஏணி ஆடியது. "பிடிச்சுக்கங்கடி, விழுந்து தொலைக்கப்போறேன்!" என்று லோனி கத்தினாள்.

காலையில் கூரைகள் வெளுத்திருந்தன. போர்வைகளின் மேல்பக்கம் மொடமொடத்தது. பெண்கள் கொட்டகையில் கூடினார்கள். லோனி கடைசிப் போர்வையை விலக்கி, தோளிலிருந்து பாதம்வரை உள்ளங்கையால் தடவினாள். ஈரம் இருந்தது, பனிக்கட்டி இல்லை. சிறிய சுத்தியலால் இடுப்பில் தட்டினாள். மணிபோல் கேட்டது. மறுபக்கமும் அப்படியே.

"முழுசா இருக்கா," என்றாள்.

"பின்னே? யார் இடுப்பு அது!" என்றாள் பாபெட்.

மேயர் வேலிக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றினார். லோனி அவரைப் பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான்.

உறைபனி பட்ட திராட்சையை உடனே பறிக்காவிட்டால் வீணாகும். ஆள் போதவில்லை என்று டோர்லே சொல்லிக்கொண்டிருந்தாள். லோனி போர்வைகளைத் திரும்பவும் இழுத்துக் கட்டினாள். உளியைத் தொடவில்லை. ஒருத்தியிடம் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு, பெண்களோடு சரிவில் ஏறி, மதியம்வரை குலை வெட்டினாள்.