டயர் விளக்கு சொன்ன பாதி உண்மை

போன வாரம் என் கார் என்னிடம் ஒரு பொய் சொன்னது. அந்தப் பொய்க்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

கார் பழசு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டயரில் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், எந்த டயர் என்றும் காட்டும். அதற்காக ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு குட்டி சென்சார். அதன் பேட்டரி தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும். என் காரில் நான்குமே எப்போதோ மண்டையைப் போட்டுவிட்டன. விளக்கு ஓயாமல் எரிந்தது. நான் என்ன செய்தேன்? அதன் மேல் மாதா ஸ்டிக்கர் ஒட்டினேன். பிரச்சினை தீர்ந்தது... எனக்கு.

என் மனைவி ரீட்டாவுக்குத் தீரவில்லை. அவள் தங்கை ஸ்டெல்லா ஜமுனாமரத்தூரில் நர்ஸ். நிறைமாதம், முதல் பிரசவம். மலையிலிருந்து திருப்பத்தூருக்கு அழைத்து வர வேண்டும்.

"புள்ளத்தாச்சிய கூட்டிட்டு வளைவு வளைவா எறங்கணும். மாதா மேல பாரத்தப் போட்டது போதும், சென்சார மாத்துங்க!"

மாற்றினேன். விளக்கு அணைந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் — மலை ஏறும் முன் நல்ல டயர் இரண்டையும் முன்னாடி மாட்டிக்கொள்வார்கள். நான் மட்டும் சளைத்தவனா? மறுநாள் ஆலங்காயம் பஞ்சர் கடையில் முன் டயர்களைப் பின்னாடியும், பின் டயர்களை முன்னாடியும் மாற்றிக்கொண்டுதான் ஏறினேன்.

இறங்கும்போதுதான் கூத்து. பின் சீட்டில் அக்காவும் தங்கையும். ஸ்டெல்லா ஏறியதிலிருந்து ஒரே புலம்பல்.

"இன்னா மாமா சீட்டு இது? முதுகெல்லாம் வலிக்குது. சென்சாரு மாத்துன கையோட சீட்டையும் மாத்தக் கூடாதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் விளக்கு எரிந்தது. முன்பக்கம், இடது டயர்.

இறங்கிப் பார்த்தேன். டயர் கல் மாதிரி இருந்தது. பைக்கில் புளி மூட்டையோடு வந்த ஒருவர் நிறுத்தி, அமுக்கிப் பார்த்து, "நல்லாத்தாங்க கீது" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. புதுசு போட்டும் இந்த லட்சணமா? சென்சார் விற்றவரைத் திட்டிக்கொண்டே கார் கதவைத் திறந்தேன்.

"இருங்க," என்றாள் ரீட்டா. "எங்கியோ கொறையுதுன்னுதானே எரியுது? நாலையும் பாருங்க."

"முன்னாடின்னு காட்டுதுடி!"

"காட்டட்டுமே. பின்னாடி பாத்தா இன்னா கொறைஞ்சிடும்?"

பார்த்தேன். பின்பக்க இடது டயரில் ஆணி. பாதிக் காற்று போய்விட்டது. காலையில் முன்னாடி இருந்த அதே டயர்! சென்சார் டயரோடு பின்னாடி போய்விட்டது. இடம் மாறியதை யாரும் காருக்குச் சொல்லவில்லை. அது பாவம், பழைய விலாசத்தையே சொன்னது. மிச்சமிருந்த வளைவுகளை நினைத்தேன்.

புளி மூட்டைக்காரர்தான் சக்கரம் உருளாமல் கல் அண்டை கொடுத்து, ஸ்டெப்னியையும் மாட்டினார். பதற்றத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை. அண்ணே, எங்கிருந்தாலும் நல்லா இருங்க!

மறுபடி கிளம்பினோம். மறுபடி சீட்டுப் புலம்பல். ரீட்டா திடீரென்று கேட்டாள். "ஏண்டி... வலி விட்டு விட்டு வருதா?"

மலையில் எத்தனையோ பிரசவம் பார்த்த நர்ஸம்மா, "ஆமாக்கா" என்று அழ ஆரம்பித்தாள்.

"அது சீட்டு இல்லடி!"

அப்புறம் நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாயங்காலம் பெண் குழந்தை. இருவரும் சுகம். அந்த ஆணியோடு இறங்கியிருந்தால்...? வேண்டாம், நினைக்கவே வேண்டாம். கடவுளுக்கு நன்றி. நாலையும் பார்க்கச் சொன்ன ரீட்டாவுக்கு நன்றி.

மனிதர்களும் இப்படித்தானே? குறை ஒரு இடம், எரிவது வேறு இடம். ஆபீசில் அவமானப்பட்டவர் வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பில்லை என்பார். ருசி பார்த்துவிட்டு, "உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று நாமும் ஜெயித்துவிடுகிறோம்.

தங்கையும் குழந்தையும் இப்போது எங்கள் வீட்டில். நேற்று ரீட்டா, "இந்த ஃபேன் இன்னா இப்படிக் கத்துது!" என்று எரிந்து விழுந்தாள். ஃபேன் ஒழுங்காகத்தான் ஓடியது.

குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ போய்க் கொஞ்சம் தூங்கு" என்றேன்.