பட்டியலின் கடைசிப் பெயர்

உங்கள் வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா? இருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதில்லை. நீங்களும் ஏதாவது ஒரு பிரவுசிங் சென்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஃபேன் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று தேடியிருப்பீர்கள். அந்த ஸ்டூலுக்கு எதிரே, கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருப்பவள் நான். என் கடை கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகிற சாலையில் இருக்கிறது. வருஷம் முழுக்க ஆதார், பட்டா, ஜாதிச் சான்றிதழ் என்று ஓடும். இன்ஜினியரிங் கவுன்சிலிங் வந்துவிட்டால் மூன்று நாள் வேறு வேலை கிடையாது. எந்தக் காலேஜ் முதலில், எது அடுத்தது என்று பட்டியல் போட்டு, கெடு முடிவதற்குள் பூட்ட வேண்டும். பூட்டியபின் மாற்ற முடியாது. மூன்று வயதாகும் என் மகளுக்கே இப்போது 'ஓடிபி வந்துச்சா' என்று கேட்கத் தெரியும்.

சின்னதிலிருந்து பெரியது

முதல் நாள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து கன்னியம்மா அக்கா வந்தார், மகள் மோனிஷாவோடு. அக்கா கரையில் மீன் ஏலம் எடுத்து, கல்பாக்கத்தில் கூடை வைத்து விற்கிறவர். மோனிஷாவுக்கு நல்ல கட்-ஆஃப். அவர்கள் சொன்ன ஆறு காலேஜில் எதை முதலில் போட்டாலும் கிடைத்துவிடும்.

அக்கா விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முதலாவது செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலேஜ். ஃபீஸ் குறைவு, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். ஆறாவதாக, எல்லாவற்றுக்கும் கீழே, சிறுசேரி தாண்டி ஓஎம்ஆர் ரோட்டில் இருக்கும் பெரிய காலேஜ். லைப்ரரி, லேப், கிரவுண்டு எல்லாம் பெரிசு. தினமும் போய் வருவது கஷ்டம், ஹாஸ்டல்தான். செலவும் பெரிசு.

நானே பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்து டிகிரி முடித்தவள். காலேஜ் என்றால் எனக்கு ஞாபகம் வருவது பஸ் ஸ்டாப். அதனால் "நல்ல முடிவுக்கா" என்று பாராட்டுப் பத்திரம் வேறு வாசித்தேன். மோனிஷா ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா திரையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்டித்தான் கண்ணு. சின்னதுலேந்து ஆரம்பிச்சு மேல ஏறிகினே போ."

கழுத்தில் தொங்கும் கார்டு

மறுநாள் காலை மோனிஷா மட்டும் வந்தாள், பட்டியலைப் பிரிண்ட் எடுக்க. அந்த நேரம் சேகர் தன் தங்கைக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். சிறுசேரி ஐடி கம்பெனிகளுக்கு கேப் ஓட்டுகிறவர். அவரிடம் மெதுவாகக் கேட்டாள்: "அண்ணா, ஓஎம்ஆர்ல அந்தப் பெரிய காலேஜ் எப்டி இருக்கும்?"

"வெளியிலேந்து பாத்தா ஏர்போர்ட் மாதிரி கீது. ஆனா டப்பு யாரு குடுக்கறது? எந்தங்கச்சிக்கு வூட்டாண்ட கீறதே போதும்."

"தங்கச்சியைக் கேட்டீங்களா?" என்றேன் நான்.

"கேட்டா அழுவும், அதான் கேக்கல" என்றார் சேகர். மோனிஷா பிரிண்ட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அவளுக்கும் சேர்த்து ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னது இது:

"எட்டு வருசமா ஐடி ஆளுங்கள ஏத்தி எறக்கிகினு கீறேன். கழுத்துல தொங்கற கார்டுல எவனுக்கும் காலேஜ் பேர் போடல."

தாழ்ப்பாள்

அவள் கிளம்புவதற்குள் வேலு அண்ணன் வந்தார். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வார லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டு, ஓஎம்ஆர் இரண்டு காலேஜுக்கும் நேரில் போய் வந்திருந்தார். எல்லா அப்பாவும் கேட்டைப் பார்ப்பார்கள், ஏசி ஹாலைப் பார்ப்பார்கள். இவர் கேன்டீனில் சாப்பிட்டுப் பார்த்தார். மகளை அனுப்பி லேடீஸ் பாத்ரூமைப் பார்க்கச் சொன்னார்.

ஓஎம்ஆர் காலேஜில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்ததாம். சாயங்காலம் லைப்ரரியில் நாற்காலி கிடைக்காமல் பெண் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்ததாம். மோனிஷா அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். "உன் பட்டியல்ல அது இருக்கா பாப்பா?" என்றார் அண்ணன். "இருக்கு. கடைசில. அம்மா முடிவு பண்ணிட்டாங்க" என்றாள். செங்கல்பட்டுக் காலேஜ் எப்படி என்று நான்தான் கேட்டேன்.

"கேட்டுக்கு புது பெயிண்ட் அட்ச்சிகீறாங்க. பாத்ரூமுக்கு தாப்பா இல்ல."

கூடைக்குள் போன்

கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கெடு. நம் ஊரில் காலேஜை முடிவு செய்வது மார்க் இல்லை. ஓடிபி வருகிற போன் யார் கையில் இருக்கிறதோ அவர்தான். அந்த போன் கல்பாக்கத்தில், மீன் கூடைக்குள் இருந்தது. மோனிஷா நான்கு முறை கூப்பிட்டபிறகு, நாலரைக்கு அக்கா ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து இறங்கினார். பிளாஸ்டிக் கவரிலிருந்து போனை எடுத்து, திரையில் ஒட்டியிருந்த செதிலைப் புடவையில் துடைத்தார்.

"ஓடிபி வந்துச்சா?" என்றாள் என் மகள்.

"வந்துகீது. இரு கண்ணு, கடைசி பேரு அந்தப் பெரிய காலேஜுதான? அப்ப அதான் நமக்கு."

மவுஸில் இருந்த என் கை நின்றுவிட்டது. "இல்லக்கா. முதல்ல இருக்கறதைத்தான் முதல்ல பாப்பாங்க. அது கிடைச்சா மீதிய பாக்கவே மாட்டாங்க."

"அதெப்டி? ஏலத்துல மொதல்லயே பெருசா கேட்டா சிரிப்பாங்க. கீழேந்து ஏத்திகினே போயி, கடைசியா எத்த கேக்கறமோ அத்ததான கையில குடுப்பாங்க?"

மோனிஷா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "செங்கல்பட்டே போதும்னு நீ நெனச்சிட்டன்னு இருந்தேம்மா."

"நீ கேட்டியா?"

"நீ சொன்னியா?"

"இன்னாத்த சொல்றது? விடியகாலைல நான் கூடய தேடி லைட்ட போட்டா, நீ போர்வைக்குள்ள போன் வெளிச்சத்துல படிச்சிகினு கீற. அந்த வூட்டுலயே இன்னும் நாலு வருசம் ஓட்டறதுக்கா ஆஸ்டலுக்கு மாசாமாசம் சீட்டு கட்டிகினு வரேன்?"

மோனிஷா ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறாவது பெயரில் விரல் வைத்தாள். பட்டியலைத் தலைகீழாக மாற்றினோம். அதற்குள் பழைய ஓடிபி செத்துப்போய், புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது. ஐந்துக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது பூட்டினேன். அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா கண்ணு? யாவாரத்த வுட்டுட்டு வந்து பேஜாரா பூட்ச்சி."

அவர் சொன்னது நியாயம்தான். இத்தனை வருஷம் பட்டியல் அடித்த எனக்கு, இது ஏலம் இல்லை என்று சொல்லத் தோன்றியது கடைசி அரை மணி நேரத்தில்தான். சீட் ஓஎம்ஆரிலேயே கிடைத்தது. ஆர்டரைப் பிரிண்ட் எடுக்க வந்த அன்று, அக்கா அந்தத் தாளை ஈரக் கையால் தொடாமல் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்:

"ஆஸ்டலுக்குப் போனா தெனமும் போன் பண்ணு. காலைல ஏல நேரத்துல மட்டும் பண்ணாதமே."