கொங்கண் கரைக்கு ஒரு கோல்ஃப் பயணம்

ஐம்பத்தெட்டு வயதில் கோல்ஃப் கற்றுக்கொண்ட தாம்பரத்துக்காரி நான். கூட்டமில்லாத கொங்கண் கடற்கரை ஊர் ஒன்றில் போய் ஆடுவதென்று தோழிகள் மேரி, நூர்ஜஹானுடன் முடிவு செய்தேன். "அண்ணி, இந்த வயசுல கோல்ஃப் டூரா? பேசாம வேளாங்கண்ணி போயிட்டு வாங்க" என்று சிரித்தார் கொழுந்தனார். பயணம் சொதப்பினால் அந்தச் சிரிப்பு ஆயுசுக்கும் ஓயாது.

தாம்பரத்தில் மழை பெய்த நாட்களைப் பல வருடங்களாகக் குறித்துவைப்பவள் நான். அதனால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து, ஜூனில் போக ரயில் டிக்கெட் எடுத்தேன். மட்டைகள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்க அந்த மைதானத்துக்குப் போன் செய்தபோதுதான், ஜூனில் அங்கே பேய்மழை, மைதானத்தையே மூடிவிடுவார்கள் என்று தெரிந்தது. தென்மேற்குப் பருவமழையைப் பள்ளியில் படித்தும் மறந்திருக்கிறேன்.

"நல்லதாப் போச்சு, விட்டுடுங்க அண்ணி" என்றார் கொழுந்தனார்.

"தேதியத்தான் மாத்தப் போறேன் தம்பி, விளையாட்ட இல்ல" என்றேன்.

நவம்பரில் போனோம். தாம்பரம் முழங்கால் தண்ணீரில் நின்றபோது, நாங்கள் வெயிலில் கடலைப் பார்த்தபடி ஆடினோம். இப்போதெல்லாம் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், எப்போது வரலாம் என்று அந்த ஊர்க்காரர்களிடமே முதலில் கேட்கிறேன். போகலாமா என்று மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.