மச்சானின் மார்புக் கட்டி

செங்கல்பட்டில் மார்பகப் புற்றுநோய் மருத்துவமனையின் நர்ஸ் என் மச்சானின் பெயரைக் கூப்பிட்டபோது, நாற்காலிகளில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் எழுந்தார். "நீங்க இல்லைய்யா. சீட்டுல புருஷன் பேர எழுதிட்டாங்க போல. பேஷண்ட்ட வரச் சொல்லுங்க" என்றாள். "நான்தாம்மா பேஷண்ட்டு" என்று அவர் சொன்னது பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். நெம்மேலியில் ஒற்றைத் தண்ணீர் லாரியோடு நான் தொழில் தொடங்கியபோது என்னோடு ஸ்டியரிங்கை மாற்றி மாற்றிப் பிடித்தவர். நாலாங்கிளாஸ் தாண்டாதவன் நான். இன்று மாமல்லபுரத்தில் என் லாரி தண்ணீர் இறக்காத ஓட்டல் கிடையாது. ஆபீசரோ கவுன்சிலரோ, யாரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு எவனும் சொல்லித் தந்ததில்லை. அங்கே டாக்டரம்மா சொன்னதை மட்டும் இரண்டு தரம் கேட்டுத்தான் புரிந்துகொண்டேன்.

மச்சானின் மார்பில் இருக்கும் கட்டியில் ஒரு புரதம் இருக்கிறது, அது பெண்களுக்கு அதிகம் சுரக்கிற ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு கட்டியை வளர்க்கிறது, பிடிக்கவிடாமல் தடுக்க மாத்திரை உண்டு என்றார். ஆண்கள் உடம்பிலும் அந்த ஹார்மோன் கொஞ்சம் இருக்குமாம். "ஆம்பளைக்கு இது அபூர்வம். குடும்ப வழியா வந்திருக்கலாம். கூடப் பொறந்தவங்களையும் பாக்கணும்" என்றார். கூடப் பிறந்தவள் ஒருத்திதான். அவள் என் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் மச்சான் என் சட்டையைப் பிடித்தார். "பொம்பள ஹார்மோனாம் மாப்ள. தெரிஞ்சா இன்னா மூஞ்ச வெச்சுகினு லாரி ஸ்டாண்டுக்கு வருவேன்? ஹார்ட்டுனு சொல்லு. தங்கச்சிகிட்டயும் வாயத் தொறக்காத. சத்தியம் பண்ணு." பண்ணிவிட்டேன்.

ஊரே ஹார்ட் என்று நம்பியது. என் மனைவி பூண்டு உரித்துத் தேனில் ஊறப்போட்டு அண்ணனுக்கு அனுப்பினாள். சோறு போட அவள் குனியும்போதெல்லாம் என் கண் அவள் மார்புக்குப் போய்த் தட்டுக்குத் திரும்பும். "இன்னாய்யா, பேரன் எடுத்த வயசுல" என்று சிரித்தாள். நான் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டேன்.

மச்சானுக்கு அவ்வப்போது ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் வேறொரு புரதத்தை அளந்தார்கள். கொஞ்ச காலம் அடங்கியிருந்தது, பிறகு ஏறிக்கொண்டே போனது. ஸ்கேனில் நோய் முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. "இப்பவாச்சும் அவகிட்ட சொல்லலாம் மச்சான்" என்றேன். "நான் போன பெறகு சொல்லு" என்றார். அதுவரைக்கும் அவள் உடம்பு காத்திருக்க வேண்டுமே.

சத்தியம் வாய்க்குத்தான், வண்டிக்கு இல்லை. அடுத்த முறை மனைவியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு, புதுப்பட்டினத்தில் மச்சான் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். தங்கச்சியைப் பார்த்ததும் அவர் கார் கதவில் வைத்த கையை எடுத்துவிட்டார். ஆனாலும் ஏறிக்கொண்டார். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஓட்டினேன். மருத்துவமனை வாசலில் பலகையைப் படித்துவிட்டு அவள் திரும்பினாள். "இன்னாண்ணா, ஹார்ட்டுக்கு இங்கியா பாக்கறாங்க?"

மச்சான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு மார்ல கட்டிம்மா. உனக்கும் பாக்கணுமாம். எறங்கு."

அவள் இறங்கி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கையைப் பிடித்து அவரை இறக்கினாள்.

அவளுக்கு எடுத்த படத்தில் ஒன்றுமில்லை. வருடா வருடம் வரச் சொன்னார்கள். மச்சான் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. இப்போது அவளை நான்தான் அழைத்துப் போகிறேன். அவள் உள்ளே போனதிலிருந்து முடிவு வரும்வரை அந்த நாற்காலியைவிட்டு என்னால் எழுந்திருக்க முடிவதில்லை. அவள் வெளியே வந்து, புடவையைச் சரிசெய்துகொண்டே கேட்கிறாள், "நாஸ்தா துன்னியா?"