மாமா கையில் அப்பா கொடுத்த கயிறு

எங்கள் அப்பா இறைவனில் துயில்கொண்டு ஓராண்டு ஆகிறது. பெரியதாழையில் பிறந்து, சிறு வயதிலேயே சங்கு குளிக்கத் தூத்துக்குடிக்கு வந்தவர். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர், பெருங்கோபக்காரர். நினைவு மலர் என்பதற்காக இரண்டாவதை மறைக்க எனக்கு மனமில்லை.

கடலுக்குள் இறங்குபவருக்குப் படகிலிருந்து கயிறு பிடிப்பவர் அவருடைய மைத்துனர்தான். கூடப்பிறந்தவளின் தாலிக்கு யாரும் கேடு நினைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வந்த வழக்கம் அது. அப்பாவுக்கு அம்மாவின் தம்பியான மாமா கயிறு பிடித்தார். கூடவே சங்கு குளித்த சித்தப்பாவுக்கு மணமாகாததால் மைத்துனர் இல்லை. ஒருநாள் அப்பா, பாசத்தில், தம் மைத்துனரையே தம்பிக்குப் பிடிக்கச் சொன்னார். மாமா பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரம் சித்தப்பா தம்மைத் தூக்கச் சொல்லிக் கீழிருந்து கயிற்றை இழுத்திருக்கிறார். மாமா கவனிக்கவில்லை. தூக்கியபோது உயிரில்லை.

"நான் கீழ இருந்தா மச்சான் திரும்பிருப்பானா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பது ஆண்டுகள் மாமா வீட்டுத் தண்ணீர்கூட எங்களுக்கு ஆகவில்லை. அம்மா தம்பியைக் கோவிலில் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வார். அப்பாவோ சாப்பிடும்போது திடீரென வலக்கையை இறுக்கி மூடுவார். "தம்பி இழுக்கான்" என்பார். சோறு அப்படியே கிடக்கும்.

ஒன்பதாம் ஆண்டில், கடலில் அவரால் மூச்சடக்கவே முடியவில்லை. நெஞ்சில் குறையொன்றும் இல்லை என்றார் டாக்டர். அன்று மாலை அப்பா கயிற்றோடு மாமா வீட்டுக்குப் போனார். நானும் உடன் போனேன்.

"இந்தக் கோவத்த வச்சிக்கிட்டு மூச்சுப் புடிக்க முடியல மச்சான். நாளைக்கு நீ கயிறு புடி."

"பயமா இருக்கு அத்தான்."

"எனக்குந்தான்."

மறுநாள் கடலடியில் சித்தப்பாவின் முகம் தெரிந்ததாம். எப்போதும் அதைக் கண்டு பதறி மேலே வந்துவிடுகிறவர், அன்று நின்று பார்த்துவிட்டுத்தான் கயிற்றை இழுத்திருக்கிறார். தூக்கிய வேகத்தில் மாமாவின் உள்ளங்கை கிழிந்துபோனது.

அதன்பின் அப்பா வயிறார உண்டார். கை இறுகுவது மட்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இறுகியது. "வாரேன்ல, பொறு" என்று தம்பியிடம் சொல்வார்.

நோயில் துணைநின்ற அயலாருக்கும், பங்குத்தந்தைக்கும், கல்லறைவரை வந்த அனைவருக்கும் எங்கள் நன்றி.

மாமா, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. அப்பா கெஞ்சியும், தாய்மாமனான உங்கள் பெயரை என் திருமணப் பத்திரிகையில் போட நான் விடவில்லை. அப்பா விட்ட பகையை நான் பிடித்துக்கொண்டேன். என்னை மன்னியுங்கள் மாமா. இம்மலரின் முதல் பிரதியை நானே உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். நீங்கள் படித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பேன்.